ரம்ப மேஜையில் ஒரு மிளகு

"பால்சாமியைப் பன்னிரண்டு மணிக்குப் போலீசுல ஒப்படைக்கப் போறேன் அண்ணாச்சி. அதுக்குள்ள நீங்க ஒரு சாட்சி கண்டுபிடிச்சுக் குடுத்திருங்க" என்றார் கிறிஸ்துராஜ் மேஸ்திரி.

அப்போது மணி ஒன்பதரை.

துப்பறியும் சமுத்திரத்தைத் தேடி வருகிறவர்கள் குற்றவாளியைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தான் வருவார்கள். குற்றவாளியைக் கையில் வைத்துக்கொண்டு சாட்சியைத் தேடச் சொன்னவர், அவருக்கு உதவியாளான என் அனுபவத்தில் இவர் ஒருவர்தான்.

"சாட்சி எம்புட்டு நீளம், எம்புட்டு அகலம்னு சொல்லுங்க மேஸ்திரி. மரத்துலயே அறுத்துக் குடுத்திருதோம்" என்றேன் நான்.

யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. என் மனைவி தங்கபாய் காய்ச்சலில் இறந்து அன்றோடு நாலு மாதம். வாய் மட்டும் பழைய பழக்கத்தில் வேடிக்கை பேசிக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. துக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. அடக்கம் முடிந்த மறுநாள் காலையிலேயே ஆபீசுக்கு வந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார்ந்தவன் நான். "ஏலே சூசை, வீட்டுக்குப் போ" என்றார் சமுத்திரம். "வீட்டுல என்ன இருக்கு?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

இது 1938-ம் வருஷம், ஐப்பசி மழையில் நடந்தது. ஆட்களின் பெயர்களை நான் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, கோவில் முடிந்த கையோடு கிறிஸ்துராஜ் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து எங்களைக் கூப்பிட்டுவிட்டுப் போயிருந்தார். மறுநாள் காலை பஸ்ஸில் ராஜபாளையத்துக்குப் போய் இறங்கினோம். ஊருக்கு மேற்கே அவர் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஓடு போட்ட கொட்டகை. கொட்டகையின் நடுவில்தான் வழக்குக்குக் காரணமான ரம்ப மேஜை நின்றது.

இடுப்பு உயரத்தில் ஒரு இரும்பு மேஜை. மேஜையின் நடுவில் ஒரு பிளவு. அந்தப் பிளவு வழியாக வட்ட ரம்பத்தின் பாதி மேலே எட்டிப் பார்க்கும். மேஜைக்கு அடியில் ரம்பத்தின் அச்சு. அந்த அச்சிலிருந்து ஒரு தோல் பெல்ட் சுவரில் இருந்த ஓட்டை வழியாக அடுத்த அறைக்குப் போய், அங்கே இருக்கும் ஆயில் எஞ்சினோடு சேரும். எஞ்சின் ஓடினால் பெல்ட் ஓடும், பெல்ட் ஓடினால் ரம்பம் சுற்றும். முன்னால் நிற்பவர் மரத்தைத் தள்ள வேண்டும், பின்னால் நிற்பவர் இழுக்க வேண்டும். மேஸ்திரிதான் தள்ளுகிறவர். பால்சாமி இழுக்கிறவன். பால்சாமி வராத நாளில் மேஸ்திரியின் மனைவி சந்தனமேரி இழுப்பாளாம்.

சந்தனமேரி காப்பி கொண்டுவந்தாள். பித்தளை டம்ளர். நான் துண்டை நாலாக மடித்துப் பிடித்தும் விரல் சுட்டு, மரக்கட்டை மேல் வைத்துவிட்டேன். சமுத்திரம் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து ஊதிக்கொண்டிருந்தார். கிறிஸ்துராஜ் டம்ளரை உள்ளங்கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பால்சாமியின் குற்றங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மூணு வாரமா இந்தக் கூத்து நடக்கு. முதல்ல பெல்ட்டைத் தொய்ய விட்டான். மறு வாரம் ரம்பத்தைக் கழட்டி, பல்லு பின்பக்கமாப் பார்க்கும்படி மாத்தி மாட்டிட்டான். மரத்தை வச்சா அறுக்கல, கருகுது. கொட்டகை பூரா ஒரே புகை. இன்னைக்குக் காலையில பாருங்க, எஞ்சின் ஓடுது, ரம்பம் சுத்துது, மரத்தைத் தொட்டா நின்னு போகுது. கான்சாபுரம் கோவிலுக்குக் கிறிஸ்மஸுக்குள்ள பன்னிரண்டு பெஞ்சு செஞ்சு குடுக்கணும். இன்னும் ரெண்டுகூட முடியல."

"பால்சாமிதான்னு எப்படிச் சொல்லுதீங்க?" என்று கேட்டார் சமுத்திரம்.

"ஒவ்வொரு தடவையும் கோளாறு எங்கேன்னு அவன்தான் முதல்ல கண்டுபிடிக்கான். கெடுத்தவனுக்குத்தானே கெட்ட இடம் தெரியும்?"

"அப்படிப் பார்த்தா டாக்டர்மாரை எல்லாம் தூக்குல போடணுமே" என்றேன்.

மேஸ்திரி என்னைப் பார்க்காமல் தொடர்ந்தார். பால்சாமியும் அவன் மச்சினனும் தளவாய்புரத்தில் ஆள் ரம்பம் இழுத்தவர்கள். ஒருவன் மேலே, ஒருவன் கீழே நின்று நாள் முழுக்க இழுப்பார்கள். மிசின் வந்ததும் பால்சாமிக்கு இங்கே வேலை கிடைத்தது, மச்சினனுக்குக் கிடைக்கவில்லை. "இந்த மிசின் ஒரு நாளைக்கு நிக்கத்தான் போகுது" என்று காப்பிக்கடையில் நாலு பேர் கேட்கச் சொல்லியிருக்கிறான் பால்சாமி.

"சொன்னியாலே?" என்று கேட்டார் சமுத்திரம்.

மரக்கட்டை மேல் உட்கார்ந்திருந்த பால்சாமி தலையைத் தூக்கினான். நாற்பது வயதிருக்கும். "சொன்னேன். அதுக்காக நானே நிப்பாட்டுவனா? எனக்கு நாலு பிள்ளைய."

"எஞ்சினைப் போடு" என்றார் சமுத்திரம்.

சமுத்திரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். துப்பறிய வருவதற்கு முன்னால் பருத்தி அரைக்கிற ஆலையில் பத்து வருஷம் பிட்டராக இருந்தவர். மனிதர்கள் பொய் சொன்னால் சில சமயம் நம்பிவிடுவார். இயந்திரம் பொய் சொல்லி அவரிடம் தப்பியதில்லை.

எஞ்சின் ஓடியது. ரம்பம் ஓசையோடு சுற்றியது. ஒரு மாம்பலகையை எடுத்து மெல்லத் தள்ளினார். பல் பட்டதுமே ரம்பம் நின்றது. பெல்ட் மட்டும் கிறீச்சென்று வழுக்கிக்கொண்டிருந்தது.

"நிப்பாட்டு" என்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார்.

மரம் ஒட்டி நேராக நகர்வதற்காக மேஜை மேல் நீளமாக ஒரு இரும்புப் பட்டை இருந்தது. ரம்பத்தில் ஒரு பல்லுக்குச் சுண்ணாம்பு தடவி, அந்தப் பல்லுக்கும் பட்டைக்கும் உள்ள இடைவெளியை முன்பக்கம் அளந்தார். ரம்பத்தைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடி அளந்தார். "ஒரே அளவு. மரம் மாட்டிக்கிட வழியில்ல." அச்சைச் சுற்றிப் பார்த்தார். தங்குதடை இல்லாமல் சுற்றியது. ரம்பத்தை இறுக்கும் நட்டில் ஸ்பானரை மாட்டிப் பலமாக இழுத்தார். அசையவில்லை. என்னையும் இழுக்கச் சொன்னார். நானும் இழுத்தேன். அசையவில்லை.

"ஏலே சூசை, நீ மேஸ்திரிக்குப் பகையாளின்னு வச்சுக்கோ. என்ன பண்ணுவே?"

"காப்பியை இதைவிடச் சூடாக் குடுப்பேன்."

"இந்த நட்டை அரைச்சுத்துத் தளர்த்தி விட்டாப் போதும். ஓடுத ஓட்டத்துல ரம்பம் ஆட்டம் கண்டு ஆளைத் தூக்கிரும். ரெண்டு தடவை இங்க கை வச்சவன், இந்த நட்டை மட்டும் நம்ம ரெண்டு பேராலயும் அசைக்க முடியாதபடி இறுக்கியிருக்கான். இந்தப் பட்டையை நூல் அளவு கோணலாக்கினாலும் மரம் எகிறி வயித்துல அடிக்கும். அதுவும் நேரா நிக்கு." வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "மிசினைக் கெடுக்கான். ஆனா ஆளுக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னு பார்த்துப் பார்த்துக் கெடுக்கான். இப்படி ஒரு பகையாளியை நான் பார்த்ததில்ல."

"மழைக்குப் பெல்ட் தொய்ஞ்சிருக்குமோ?" என்றேன்.

"அதையும் பார்ப்போம்." பெல்ட்டை உள்ளங்கையால் அழுத்தினார். விறைப்பாகத்தான் இருந்தது. கையை மூக்குக்கு அருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார். பிறகு என்னிடம் நீட்டினார்.

எஞ்சின் எண்ணெய் வாடை எனக்குத் தெரியும். இது அது இல்லை.

"நல்லெண்ணெய்" என்றேன். "காய்ச்சின நல்லெண்ணெய். தோசைக்கு ஊத்த வந்தவன் தவறி இங்க ஊத்திட்டான் போல."

சமுத்திரம் பெல்ட்டை அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டே போனார். பெல்ட்டின் இரண்டு முனைகளையும் தோல் வாரால் தைத்திருந்த இடத்தில், வெளிப்பக்கத்து முடிச்சுக்குள் நகத்தை விட்டு எதையோ நெம்பி எடுத்தார். எண்ணெயில் பொரிந்து உப்பிப் போன ஒரு மிளகு.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"திங்கள்."

"முந்தாநாள்?"

"சனி. இதுக்கெல்லாமா அண்ணாச்சி நான் சம்பளம் வாங்குதேன்?"

அவர் பால்சாமியிடம் திரும்பினார். "உங்க வீட்டுல எண்ணெய் தேச்சுக் குளிக்கும்போது மிளகு போட்டுக் காய்ச்சுவீங்களா?"

பால்சாமி முதல்முறையாகச் சிரித்தான். "எங்க வீட்டுல தாளிக்கவே எண்ணெய் பத்தாது. கெடுக்கணும்னா இந்தா, எஞ்சின் எண்ணெய் டின்னு டின்னா இருக்கே. நான் எதுக்குங்க வீட்டுல இருந்து மிளகு போட்டுக் காய்ச்சிக் கொண்டுட்டு வாரேன்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கத்தில் ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது சனிக்கிழமை. மழைக்காலத்தில் சளி பிடிக்காமலிருக்க, இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெயை ஊற்றி, நாலு மிளகு போட்டு, அது வெடிக்கும்வரை காய்ச்சித் தருவார்கள். காய்ச்சித் தருவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மேஸ்திரி எஞ்சின் அறையில் இருந்தார். நாங்கள் சத்தமில்லாமல் சமையல்கட்டுக்குப் போனோம்.

சந்தனமேரி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சமுத்திரம் அந்த மிளகை அவளுக்கு எதிரே அம்மிக்கல் மேல் வைத்தார்.

"தாயி, எண்ணெயை வடிகட்டி ஊத்தியிருக்கணும். இது ஒண்ணு முடிச்சுல மாட்டிக்கிட்டு."

அவள் மிளகைப் பார்த்தாள். பதறவில்லை, மறுக்கவில்லை. அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

"மூணு வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை. எப்பவும் ஒரு சொட்டு அவிய உள்ளங்கையில விடுவேன். 'சுடுது, செத்த நேரம் பொறு'ம்பாவ. அன்னைக்கு அடுத்த வீட்டுக்காரியோட பேசிக்கிட்டே கரண்டியோட கவுத்திட்டேன். கையில இருந்து புகை வருது அண்ணாச்சி. அவிய ஒண்ணுமே சொல்லல. சாவகாசமா உச்சந்தலையில கொண்டுபோய் வச்சாவ. வச்ச பொறவுதான் அலறுனாவ. தலைக்குச் சுட்டுச்சு. கைக்குச் சுடல."

காலையில் அந்தப் பித்தளை டம்ளரை மேஸ்திரி பிடித்திருந்த விதம் என் கண் முன்னால் வந்தது. நானும் சமுத்திரமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு துப்பறிகிறவர்கள், நாலு கண்கள், எதிரிலேயே நடந்தது, பார்க்கவில்லை.

"வலது முழங்கைக்குப் பின்னால வெளுப்பா ஒரு தேமல் இருக்கு" என்றாள் சந்தனமேரி. "எங்க பெரியப்பாவுக்கு அப்படித்தான் ஆரம்பிச்சது. கண்மாய்க்கரையில குடிசை போட்டுத் தனியா வச்சாங்க. சோத்தைத் தூரத்துல வச்சுட்டு வருவாங்க. அந்தச் சீக்குப் பேரைச் சொல்ல எனக்கு வாய் வரல."

"அதனால மிசினைக் கெடுத்தே."

"மரத்தைத் தள்ளுதது அந்தக் கைதானே. விரல் எங்க இருக்குன்னு கைக்கே தெரியலேன்னா, ரம்பம் எப்ப வருதுன்னு எப்படித் தெரியும்? பின்னால நின்னு இழுத்துப் பழகினவ நான். எதைக் கழட்டினா ஓடாதுன்னு தெரியும். ஆளுக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னு நட்டை ஒரு தடவைக்கு மூணு தடவை முறுக்குவேன்."

"பால்சாமி?"

"மிசினுக்குத்தான் சீக்குன்னு நினைப்பாவன்னு நினைச்சேன். அவன் மேல பழி விழும்னு நினைக்கல."

"விழுந்த பொறவு?"

 உலையில் தண்ணீர் கொதித்தது.

"பேசாமத்தான் இருந்தேன்" என்றாள். "ஜெயிலுக்குப் போனா அவன் ஒரு நாள் திரும்பி வந்திருவான். போன விரல் வருமா?"

ஒரு வேடிக்கை சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அவள் குரலில் அழுகை இல்லாததுதான் எனக்கு என்னவோ செய்தது. அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். நாலு மாதமாக நான் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

"அண்ணாச்சி! பன்னிரண்டாகப் போகுது. சாட்சி கிடைச்சுதா?" கொட்டகையிலிருந்து மேஸ்திரி கூப்பிட்டார்.

"கிடைச்சிருச்சு" என்று குரல் கொடுத்துவிட்டு, சமுத்திரம் மிளகை எடுத்துக்கொண்டார். "தாயி, நீயும் வா."

கொட்டகையில் பெல்ட்டைத் துணியால் அழுத்தித் துடைத்து, வழுக்காமல் பிடிக்கக் கொஞ்சம் குங்கிலியப் பொடியைத் தூவிவிட்டு, எஞ்சினைப் போடச் சொன்னார். அதே மாம்பலகையைத் தள்ளினார். இந்த முறை ரம்பம் நிற்கவில்லை. பலகை நேராக இரண்டாகப் பிளந்து விழுந்தது.

கிறிஸ்துராஜின் முகம் மலர்ந்துவிட்டது. பெஞ்சுக்கு வைத்திருந்த தேக்குப் பலகையைத் தூக்கி மேஜை மேல் போட்டார். வலது கையைப் பலகையின் பின்முனையில் வைத்தார். சந்தனமேரி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எஞ்சினை நிப்பாட்டு" என்றார் சமுத்திரம். பால்சாமி நிறுத்தினான். "மேஸ்திரி, சாட்சி கேட்டீங்கள்ல? அந்தக் கையை இப்படி நீட்டுங்க. கண்ணை மூடுங்க. உங்க கையிலேயே தாரேன்."

"இதென்ன விளையாட்டு?" என்று சிரித்துக்கொண்டே கிறிஸ்துராஜ் கண்ணை மூடிக் கையை நீட்டினார்.

சமுத்திரம் மிளகை அந்த உள்ளங்கையின் நடுவில் வைத்தார். தன் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

 ஓட்டின் மேல் தூறல் சத்தம் மட்டும் கேட்டது.

"எம்புட்டு நேரம் கையை நீட்டிக்கிட்டு நிக்கது? வையுங்க அண்ணாச்சி" என்றார் கிறிஸ்துராஜ்.

"வச்சாச்சு."

கண்ணைத் திறந்தார். மிளகைப் பார்த்தார். மறுபடி கண்ணை மூடி அதை இடது கைக்கு மாற்றினார். "இதுல தெரியுது" என்றார். திரும்ப வலது கையில் போட்டு விரல்களை இறுக மூடினார். முகத்தில் இருந்த சிரிப்பு எடுக்க மறந்து போனது போல அப்படியே இருந்தது. கை தானாகத் திறந்து, மிளகு தரையில் விழுந்தது.

"கொஞ்சம் மந்தமா இருக்குன்னு நினைச்சேன்" என்றார். "மழைக்காலம்னு நினைச்சேன்."

நான் ஓர் அடி பின்னால் வைத்திருந்தேன். எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை. அதை இன்றைக்கும் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். சந்தனமேரி முன்னால் வந்து அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீயா?" என்றார் அவர். அவள் தலையசைத்தாள். "சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நிப்பாட்டியிருப்பீயளா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாட்டேன்" என்றார்.

"ஆரம்பத்துலயே போனா முத்த விடாம நிப்பாட்டிரலாம்னு மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிக் கேட்டிருக்கேன்" என்றார் சமுத்திரம். "நீரடிமுத்து எண்ணெயில வாரம் ஒரு ஊசி. வியாழக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன். இங்க நிக்குத அஞ்சு பேரைத் தாண்டி இது வெளிய போகாது."

அஞ்சாவது ஆள் பால்சாமி. எல்லாரும் அவனைப் பார்த்தோம். காலையிலிருந்து திருடன் போல உட்கார வைக்கப்பட்டவன். ஒரு வார்த்தை அவன் காப்பிக்கடையில் சொன்னால் போதும், அந்த வீட்டில் தண்ணீர் குடிக்க ஆள் வராது. பெஞ்சை வாங்கக் கோவில்காரர்களும் வர மாட்டார்கள்.

பால்சாமி எழுந்து வந்தான். அடிக்கப் போகிறான் என்றுதான் நான் நினைத்தேன். மேஜை மேல் கிடந்த தேக்குப் பலகையில் கையை வைத்தான்.

"பால்சாமி, நான் உன்னைய..." என்று ஆரம்பித்தார் கிறிஸ்துராஜ்.

"அதை நான் லேசுல விடப் போறதில்ல. பேச வேண்டியது நிறைய இருக்கு" என்றான் பால்சாமி. "முதல்ல பெஞ்சு முடியட்டும். பின்னால போயி நின்னு இழுங்க மேஸ்திரி. இனிமே நான் தள்ளுதேன்."

கிறிஸ்துராஜ் மேஜையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். தன் சொந்த மேஜையில் அந்த இடத்தில் அவர் நின்றது அன்றுதான் முதல்முறை என்று நினைக்கிறேன். எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறினார். சந்தனமேரி அவர் தோளைப் பிடித்துச் சரியாக நிறுத்தினாள்.

புறப்படும்போது நான் குனிந்து அந்த மிளகைத் தரையிலிருந்து எடுத்துக்கொண்டேன். எடுப்பதற்கு முன்னால் கை தயங்கியது உண்மை. ஆனாலும் எடுத்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் கூட்டம் இல்லை. மழைக்காக எங்கள் பக்கத்துப் படுதாவை முழுக்க இறக்கிவிட்டிருந்தார்கள். மிளகை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன். கண்ணையும் மூடினேன்.

உறுத்தியது. இத்தனை சின்னப் பொருள், நன்றாகவே உறுத்தியது.

தங்கபாய் கடைசி நாளில் என் கையைத்தான் பிடித்திருந்தாள். காய்ச்சலில் அவள் கை கொதித்துக்கொண்டிருந்தது. 'சுடுதாய்யா?' என்று கேட்டாள். 'இல்லட்டி' என்று சொன்னேன். நாலு மாதமாக எங்கே போயிருந்தது என்று தெரியாத அந்தச் சூடு, பஸ்ஸில் உட்கார்ந்திருந்த என் கைக்குத் திரும்ப வந்தது.

"ஏலே சூசை, என்ன, சத்தத்தையே காணோம்?" என்றார் சமுத்திரம்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. சாரல் மூஞ்சியில அடிக்கு."

அவர் இறக்கிவிட்டிருந்த படுதாவைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.